தொசிந்தாவுக்கு ஜன்னலோர இருக்கை

எங்கள் கொர்வெய்ரா கிராமத்திலிருந்து கடல் முப்பத்தெட்டு கிலோமீட்டர். வடக்கிலிருந்து காற்று அடித்தால் கொடியில் காயும் துணி உப்புக் கரிக்கும். அவ்வளவு பக்கத்தில் இருக்கும் கடலைப் பார்க்க நாற்பது நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்று போன வருஷம் வசந்த காலத்தில் ஒரு வாரியம் முடிவு செய்தது. கெல்ட் என்ற ஆதி இனத்தார் எங்கள் முன்னோராம்; அதனால் கெல்டிக் கடலோர மரபுப் பயணத் திட்டமிடல் வாரியம் என்பது அதன் பெயர். அதை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவர்கள் எங்கள் ஊரில் இரண்டே பேர். அதில் ஒருவர் முன்பு மாட்டுச் சந்தையில் ஏலம் கூவிக்கொண்டிருந்தவர்.

நான் செர்வாந்தோ. பத்தொன்பது இருக்கைகள் உள்ள ஒரு பஸ்ஸுக்கு முதலாளியும் நானே, ஓட்டுநரும் நானே. இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு செப்டம்பர் எட்டாம் தேதியும் ஊராரை ஏற்றிக்கொண்டு தெய்ஷீதோவில் இருக்கும் சான் அந்த்ரேஸ் கோயில் திருவிழாவுக்குப் போய்வருகிறேன். டீசல் போடுவேன், ஹாரன் அடிப்பேன், ஏறுவார்கள். பயணத் திட்டம் என்பது எங்களுக்கு அதுவரை அவ்வளவுதான்.

அந்தக் கோயிலுக்கு உயிரோடு இருக்கும்போதே ஒரு தடவை போய்விட வேண்டும். போகாமல் செத்தவர் செத்த பிறகாவது போயே தீர வேண்டும். அப்போது ஓணானாகவோ தவளையாகவோ பாம்பாகவோ ஊர்ந்துதான் போகவேண்டும். இது எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் அந்த மலைப்பாதையில் ஊர்கிற எதையும் யாரும் மிதிப்பதில்லை. அது யாருடைய மாமியாரோ, யார் கண்டார்கள். ஊர்ந்து போவதைத் தவிர்க்கவும் ஒரு வழி உண்டு. திருவிழாவன்று காலையில் சொந்தக்காரர் யாராவது கல்லறைக்குப் போய் இறந்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பஸ்ஸில் தனி இருக்கை பிடித்து உட்கார வைத்துக் கூட்டிப் போகலாம். வழி நெடுகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போகவேண்டும்; இல்லையென்றால் திருப்பங்களில் தவறிவிடுவார்கள். என் பஸ்ஸில் இப்படி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். ஒருவர்கூட வாந்தி எடுத்ததில்லை, கதவை மூடு என்று சண்டை போட்டதில்லை.

எலாதியோ எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். ஏழு மாடுகள், ஒரு உருளைக்கிழங்கு வயல், தொசிந்தா என்கிற மனைவி. நாற்பத்தாறு வருஷம் குடித்தனம் செய்தார்கள். வருஷா வருஷம் புதுக் காலண்டர் வந்ததும் தொசிந்தா செப்டம்பர் எட்டாம் தேதிக் கட்டத்தில் பென்சிலால் ‘கடல்’ என்று எழுதி வைப்பாள். வருஷா வருஷம் எலாதியோ, நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன் என்பார். தனியாகப் போக அவளுக்கு மனம் வராது. ஒரு வருஷம் பசு ஈன்றது, ஒரு வருஷம் கிழங்கு அழுகியது, ஒரு வருஷம் முழங்கால், ஒரு வருஷம் மழை. காரணமே இல்லாத வருஷங்களும் இருந்தன. இப்படியே இரண்டு பேரும் போகாமலே கிழமானார்கள்.

போன வருஷம் ஜனவரியில் தொசிந்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் பார்க்கப் போயிருந்தேன். அவளுக்கு ஓணான் என்றால் உயிர் போகும் பயம். சுவரில் ஒன்றைப் பார்த்துவிட்டால் அன்றைக்குத் துணி துவைக்கிற கல் பக்கமே போகமாட்டாள். எலாதியோவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“என்ன ஊர்ந்து போக மட்டும் விட்டுடாதீங்க.”

வர்ற செப்டம்பரே கூட்டிப் போகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். மூன்று நாளில் அவள் போய்விட்டாள்.

வசந்தம் வந்தது, கூடவே வாரியமும் வந்தது. கோயிலுக்குப் போகும் ஒரே சாலையில் ஒரு தடுப்புக் கட்டையைப் போட்டார்கள். கார்கள் போகக் கூடாது, வண்டிகள் போகக் கூடாது, ஒப்புதல் பெற்ற பயணத் திட்டம் உள்ள பஸ்கள் மட்டும் போகலாம். ஜூலை மாதம் நானும் எலாதியோவும் பதினெட்டுப் பேருடைய பெயரையும் தொசிந்தாவின் பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டு வில்லாரெந்தே நகரத்தில் இருக்கும் அலுவலகத்துக்குப் போனோம்.

பதினான்கு பக்க விண்ணப்பம். பயணத்தின் நோக்கம் என்ன, அலையை எத்தனை நிமிடம் பார்ப்பதாக உத்தேசம், மூடுபனி இருந்தால் மாற்று உணர்ச்சி என்ன, இப்படியெல்லாம் கேட்டிருந்தார்கள். எலாதியோ மாற்று உணர்ச்சி என்ற இடத்தில் ‘பசி’ என்று எழுதினார். கவுன்ட்டரில் உஷீயா என்ற பெண் இருந்தாள். நல்ல பெண். நாங்கள் கொடுத்த காகிதங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பத்தொன்பதாவது பெயரில் நின்றாள். இந்த அம்மாவுக்கு உயிர்ச்சான்று வைக்கவில்லையே என்றாள். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை கொடுப்பார்களே, அதேதான். தொசிந்தா ஜனவரி பத்தொன்பதாம் தேதி இறந்துவிட்டாள் என்றார் எலாதியோ. உஷீயா கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள்.

“ஆமாங்க ஐயா, இதுவும் அப்படித்தான் சொல்லுது,” என்றாள்.

இறந்தவருக்கு இருக்கை கொடுக்க விதி இல்லை. சரி, அந்த இருக்கையைக் காலியாக விட்டுவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். காலி இருக்கைக்கும் விதி இல்லை. காலியாக இருந்தால் காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒரு சுற்றுலாப் பயணியை வாரியமே அனுப்பும். எலாதியோ கவுன்ட்டரில் அடுக்கியிருந்த வண்ணப் புத்தகம் ஒன்றை எடுத்து ஆறாம் பக்கத்தைத் திறந்து காட்டினார். ‘இங்கே இறந்தவர்களும் உயிரோடு இருப்பவர்களும் ஒரே பஸ்ஸில் பயணம் செய்கிறார்கள், வந்து அனுபவியுங்கள்’ என்று பளபளப்பான எழுத்தில் போட்டிருந்தது. மேலே வாரியத்தின் முத்திரை. உஷீயா அதை இரண்டு முறை படித்தாள். அவள் முகம் சிவந்தது. தலைவரைப் பாருங்கள் என்று உள்ளே அனுப்பினாள்.

தலைவர் லேயந்த்ரோ பர்தீஞாஸ் எங்களை உட்காரச் சொல்லவில்லை. நாற்காலிகள் மீது கோப்புகள் உட்கார்ந்திருந்தன. நாங்கள் சொன்னதை அவர் கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தபோது பேசினார்.

“பெரியவரே, எல்லாரும் பயணம்னா போறதுன்னு நெனச்சிட்டிருக்காங்க. போறது சின்ன வேலை. மாடுகூடப் போகும். திட்டம் போடுறதுதான் பண்பாடு. வந்து மூணு மாசத்துல ஆயிரத்து நானூறு திட்டம் வாங்கியிருக்கோம்.”

அதில் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டேன். அது வேறு பிரிவு என்றார்.

எலாதியோ தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே, ஆறாம் பக்கத்தில் போட்டிருப்பது என் பெண்டாட்டி மாதிரி ஆட்களைப் பற்றித்தானே என்று கேட்டார். தலைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எழுந்து நின்று மேசையைச் சுற்றி வந்தார்.

“நம்ம கெல்டிக் மரபுக்கு உயிரே இறந்தவங்கதான். அதனாலதான் அவங்களப் பட்டியல்ல சேத்துப் பாதுகாக்கிறோம். பாதுகாத்து வச்ச ஒண்ண பஸ்ல உக்கார வச்சா தேய்மானம் வரும். அதுக்கு யார் பொறுப்பு?”

தலைவர் சான் அந்த்ரேஸுக்குப் போயிருக்கிறாரா என்று எலாதியோ கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. கோயில் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினார். தொசிந்தாவை எந்த ஜன்னலோரம் உட்கார வைப்பது என்ற கவலை அவருக்கு. தலைவர் தன் திட்டம் இன்னும் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார். தனக்குத் தானே ஒப்புதல் கொடுத்துக்கொள்வது முறையல்ல, மேலே ஆளும் இல்லை.

ஆனாலும் வாரியம் கையை விரித்துவிடவில்லை. மூன்று வாரம் எங்களுக்காக மெனக்கெட்டது. அந்த மெனக்கெடலில் நான் பாதி இளைத்துவிட்டேன். முதலில் தொசிந்தாவைப் பயணியாக இல்லாமல் சாமானாகப் பதிவு செய்யலாம் என்றார்கள். அதற்கு நீளம், அகலம், எடை வேண்டும். கடைசியாக ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்தபோது நாற்பத்து நான்கு கிலோ என்றார் எலாதியோ. இப்போதைய எடை என்ன என்று கேட்டார்கள். தெரியவில்லை, என் நெஞ்சில் இருக்கிற கனத்தைச் சொல்லட்டுமா என்றார் அவர். அந்தப் பதிலுக்குக் கட்டம் இல்லாததால் விண்ணப்பம் திரும்பி வந்தது.

பிறகு கலைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். ஆறாம் பக்கத்தைப் படித்துவிட்டு வரும் வெளியூர்க்காரர்கள் வெறும் இருக்கையைப் பார்த்தால் ஏமாந்து போவார்கள் என்பது அவர் வாதம். அதனால் முகத்தில் மாவு பூசிய நடிகை ஒருத்தியை அங்கே உட்கார வைத்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெருமூச்சு விடச் சொல்லலாம் என்றார். அப்படியானால் தொசிந்தா எங்கே உட்காருவாள் என்று எலாதியோ கேட்டார். கலைப் பிரிவுக்காரர் இதுவும் ஒரு கோணம்தான் என்று குறித்துக்கொண்டு போனார். மறுபடி வரவில்லை.

நடுவில் எல்லாருக்கும் கட்டாய வகுப்பு நடந்தது. பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் எங்களை வட்டமாக உட்கார வைத்து, உள்ளே இருக்கும் கெல்ட் மனிதர் என்ன சொல்கிறார் என்று கண்ணை மூடிக் கேட்கச் சொன்னார்கள். கறவை நேரம் ஆகிவிட்டது என்று சொல்கிறார் என்றார் எலாதியோ. அவருக்கு ‘ஓரளவு கெல்டிக்’ என்று சான்று கிடைத்தது. அவருடைய குடும்பம் அந்த மலையில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்பது பங்குச் சாமியாருக்கே தெரியாது. வகுப்பு எடுத்த பையன் உள்நாட்டுச் சமவெளியிலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, அவன் ‘முழு கெல்டிக்’. என் பஸ்ஸையும் பரிசோதித்தார்கள். ஹாரன் மரபுக்குப் பொருந்தவில்லை என்று அதைக் கழற்றிவிட்டு, காற்றுப் பையை அமுக்கி ஊதும் பைக்குழலின் சத்தம் எழுப்பும் பெட்டி ஒன்றைப் பொருத்தினார்கள். அன்றிலிருந்து நான் ஊருக்குள் திரும்பும்போதெல்லாம் யார் வீட்டிலோ சாவு என்று நினைத்து ஜனங்கள் வெளியே வந்து நிற்கிறார்கள்.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி முடிவு வந்தது. பதினெட்டுப் பேருக்கு ஒப்புதல். பத்தொன்பதாவது இருக்கை ஜெர்மனியிலிருந்து வரும் ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவருக்கு. எலாதியோ கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பஸ்ஸை எடுத்தேன். மறுபடி தலைவர் முன்னால் நின்றோம். நாற்காலிகளில் அதே கோப்புகள் உட்கார்ந்திருந்தன.

எலாதியோ இந்த முறை கெஞ்சினார். ஏழு மாடுகளுக்கு நடுவில் நிமிர்ந்து நடந்த மனிதர், ஒரு மேசைக்கு முன்னால் கெஞ்சியதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு ஊர்கிறதைக் கண்டால் பயம், சாகிறபோது கேட்டுவிட்டுப் போனாள், ஒரே ஒரு இருக்கை என்றார். தலைவர் நிஜமாகவே இரக்கப்பட்டார். அதுதான் இன்னும் மோசம்.

“உங்க மனசு எனக்குப் புரியுது பெரியவரே. வாரியம் யாரையும் தடுக்கல. மரபுலயே வழி இருக்கே. ஓணானா ஊர்ந்து போறவங்களுக்கு முன் அனுமதி தேவையில்ல. எண்ணிக்கை மட்டும்தான் எடுப்போம்.”

அவர் மேசையில் கனமான தாள் அழுத்தி ஒன்று இருந்தது. அதை எடுத்து அவர் தலையில் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதை மறைக்க மாட்டேன். எலாதியோ தொப்பியை மாட்டிக்கொண்டு நன்றி சொன்னார். அவர் வளர்ந்த விதம் அப்படி. வெளியே வரும்போது உஷீயா பதினெட்டு அடையாள அட்டைகளை, கழுத்தில் மாட்டும் கயிற்றோடு, என் கையில் கொடுத்தாள். தடுப்புக் கட்டையில் ஒரு இயந்திரம் இந்த அட்டைகளைத்தான் பார்க்கும் என்றாள். ஒரு வினாடி நிறுத்திவிட்டு, “மூஞ்சியப் பாக்காதுங்க,” என்றாள். எலாதியோவைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஊர் திரும்பினோம். எங்கள் சர்ச் திருப்பத்தில் எலாதியோ சொன்னார்.

“என் அட்டைய அவ சீட்ல மாட்டிடு.”

“அப்போ நீங்க, அண்ணே?”

“நான் வரல.”

நான் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினேன். அவர் உட்கார்ந்துகொண்டு அவளை மடியில் வைத்துக்கொள்ளலாமே என்றேன். அவளுக்கு ஜன்னலோரம் முழு இருக்கையாக வேண்டும், நாற்பத்தாறு வருஷமாகக் குறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தாள் என்றார். விஷயம் தெரிந்ததும் ஊரில் இரண்டு பேர் தங்கள் இருக்கையைத் தர வந்தார்கள். அவர் வாங்கவில்லை. தள்ளிப்போட்டது நான், அடுத்தவன் எதற்கு நஷ்டப்பட வேண்டும் என்றார். எனக்கு வேறு பயம் இருந்தது. அதைக் கேட்டே விட்டேன்.

“அண்ணே, நீங்களும் இதுவரைக்கும் போனதில்லையே. உங்களுக்கு எழுபத்தொண்ணு.”

“எனக்கு ஓணானக் கண்டா பயமில்லடா,” என்றார்.

செப்டம்பர் எட்டாம் தேதி காலை ஏழு மணிக்குக் கல்லறைத் தோட்டத்து வாசலில் பஸ்ஸை நிறுத்தினேன். மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து சோள ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எலாதியோ கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கல்லறை முன்னால் நின்று, அவளைச் சமையலறையிலிருந்து கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

“தொசிந்தா, கெளம்பு. சான் அந்த்ரேஸுக்குப் போகணும்.”

பிறகு பக்கத்தில் இடம் விட்டு மெதுவாக நடந்து வந்தார். படியில் ஒரு கை கொடுத்து ஏற்றினார். வலப்பக்கம் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். இருக்கையில் தன் அட்டையைத் தொங்கவிட்டார். திரைச்சீலையை ஒதுக்கிவிட்டார். குனிந்து ஏதோ சொன்னார். பஸ்ஸில் ஒருவரும் மெல்லவில்லை. இறங்கி என் ஜன்னல் பக்கம் வந்து, தோட்டத்திலிருந்து எடுத்த ஒரு வெள்ளைக் கல்லைக் கையில் கொடுத்தார். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் வழியில் கற்குவியலில் ஒரு கல் போடுவார்கள். கடைசித் தீர்ப்பு நாளில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அந்தக் கற்கள்தான் சாட்சி சொல்லும். உங்களுக்கும் சேர்த்து ஒன்று போட்டுவிடுகிறேன் என்றேன்.

“வேண்டாம். போகாதவன் பேர்ல கல்லு போடாத. கல்லு பொய் சொல்லாது.”

அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். வழக்கமாகச் சொல்கிறதைத்தான் சொன்னேன் என்றார் அவர்.

“நீ முன்னால போ, நான் பின்னால வரேன்னு.”

பஸ்ஸை எடுத்தபோது எனக்குக் கண் மறைத்தது. பைக்குழல் பெட்டியை அழுத்திவிட்டேன், அதுவும் ஒப்பாரி வைத்தது. தடுப்புக் கட்டையில் வாரியத்தின் வழிகாட்டி ஒருவன் இயந்திரத்தோடு ஏறி ஒவ்வொரு அட்டையாகக் காட்டினான். மூன்றாவது வரிசையில் காலி இருக்கை மேல் தொங்கிய அட்டையைக் காட்டினான். இயந்திரம் பச்சை விளக்கு போட்டு, எலாதியோ உடனிருக்கிறார் என்றது. அவன் நன்றி சொல்லி அடுத்த வரிசைக்குப் போனான்.

பக்கத்து இருக்கையில் அந்த ஜெர்மன் பல் டாக்டர். இங்கே யாரும் ஏறவில்லையா என்று சைகையில் கேட்டார். முன் சீட்டுக்காரி ஒருத்தி சைகையிலேயே விளக்கினாள்: கல்லறை, கூப்பிடுவது, ஜன்னல். அவர் புரிந்துகொண்டு காலை ஒதுக்கி வைத்துக்கொண்டார். திரும்பி வரும்வரை அந்தப் பக்கம் கையைக்கூட வைக்கவில்லை. பதினான்கு பக்கம் எழுதாமலே அவருக்கு அது தெரிந்தது.

வழி முழுவதும் நான் பேசிக்கொண்டே போனேன். தொசிந்தா அக்கா, இது பாலம். அக்கா, இப்போது இடப்பக்கம் திரும்புகிறோம். அக்கா, இதோ இறக்கம், கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடல் தெரிந்தது. கடல் என்று மட்டும் சொன்னேன். கற்குவியலில் வெள்ளைக் கல்லைப் போட்டேன்.

அன்று மாலை எலாதியோ மாட்டுக்கொட்டகை வாசலில் காத்திருந்தார். அவள் பயந்தாளா என்றுதான் கேட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை, ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அக்டோபரில் அவருக்கு ஒரு கடிதமும் கெட்டித் தாளில் ஒரு சான்றிதழும் வந்தன. எலாதியோ சான் அந்த்ரேஸுக்கு நேரில் சென்று மரபை அனுபவித்தார் என்று தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார். திருப்தி: ஐந்துக்கு நான்கு. அது எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் உடனே அவரைக் கூட்டிக்கொண்டு அடுத்த செப்டம்பருக்கு விண்ணப்பிக்கப் போனேன். இந்தத் தடவையாவது முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசை. உஷீயா கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் சொன்னாள். ஒரு முறை போனவர் மறுபடி போக ஐந்து வருஷம் ஆகவேண்டும். எலாதியோ ஏற்கெனவே போய்விட்டார்.

போகவில்லை என்று நிரூபிக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. போகாததை நேரில் கண்ட இரண்டு சாட்சிகள், சம்பவ இடமான தெய்ஷீதோவில் வைத்துக் கையெழுத்துப் போடவேண்டும். எலாதியோ என் தோளைத் தட்டி, வா போகலாம் என்றார். படி இறங்கும்போது ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரியில், கறந்துகொண்டிருக்கும்போதே, முக்காலியிலிருந்து சரிந்து போய்ச் சேர்ந்தார். அந்தப் பசு கடைசிவரை அசையாமல் நின்றதாம். சான்றிதழை அவர் கோட்டுப் பையில் வைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். கல் பொய் சொல்லாது என்று அவர் சொன்னது நினைவுக்கு வர, வேண்டாம் என்று தடுத்தேன். வாரியத்தின் கணக்குப்படி அவர் போய்வந்தவர். வாரியத்துக்கு வெளியே எல்லாருக்கும் உண்மை தெரியும்.

இந்த வருஷம் அவருக்கு இருக்கை கேட்டேன். இறந்தவர், உயிர்ச்சான்று இல்லை, மேலும் ஐந்து வருஷம் ஆகவில்லை. மூன்று காரணமும் சரியாக இருந்தன. யாருடைய அட்டையையாவது கடன் வாங்கி மாட்டிவிடலாம் என்றால் இப்போது இயந்திரம் முகத்தையும் பார்க்கிறது. செப்டம்பர் எட்டாம் தேதி காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அண்ணே, இடம் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பஸ்ஸில் பத்தொன்பது பேர், வாரியத்தின் வழிகாட்டியும் ஏறிக்கொண்டான். இப்போதெல்லாம் கூடவே வருகிறார்கள். முன்படியில் நின்று, வழியில் கடக்கும் ஊர்வனவற்றை ஒரு சின்னக் கருவியில் அழுத்தி எண்ணிக்கொண்டு வந்தான்.

கடல் தெரிகிற கடைசி இறக்கத்துக்கு முந்திய திருப்பத்தில், சாலை நடுவில் ஒரு ஓணான் படுத்திருந்தது. பெரியது, பழுப்பு நிறம். பஸ் வருவது தெரிந்தும் எழுந்திருக்கவில்லை. தலையைத் திருப்பி, போகலாமா, அப்புறம் போகலாமா என்று யோசிப்பது போலப் பார்த்தது. நான் பிரேக் போட்டேன். எஞ்சினை அணைத்தேன். அவசரமாகப் போகிற வழக்கமே இல்லாத ஒரு ஜீவன், நாலு அடி வைக்கும், நிற்கும், மறுபடி நாலு அடி வைக்கும்.

பின்னால் பஸ்கள் வரிசையாக நின்றன, பைக்குழல் பெட்டிகள் அழுதன. வழிகாட்டி தாமதக் காரணப் படிவத்தை என்னிடம் நீட்டினான். காரணம் என்ற இடத்தில் ‘பயணி சாலையைக் கடக்கிறார்’ என்று எழுதினேன். பெயர் என்ற இடத்தில் எலாதியோ. உடன் செல்பவர் என்ற இடத்தில் ‘மனைவி முன்னால் போயிருக்கிறார்’ என்று எழுதினேன். அவன் வாங்கிப் படித்தான்.

“இவருக்கு முன் அனுமதி இருக்கா?”

“தேவையில்ல தம்பி. உங்க தலைவரே சொல்லியிருக்காரு.”

அவன் படிவத்தை மடித்துப் பையில் வைத்தான். பிறகு கருவியில் ஒன்று அழுத்தினான். ஓணான் ஓரத்துக்குப் போய், புல்லுக்குள் தலையை விட்டு, கடல் பக்கம் இறங்கியது. வால் கடைசியாக மறைந்தது. நான் வலப்பக்கம் மூன்றாவது வரிசை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரோ ஒரு வெளியூர்ப் பெண் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லை என்று, கடலைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

“தொசிந்தா அக்கா, பயந்துடாதீங்க. வர்றது அவர்தான்.”